தூண்டில் ஈயக்குண்டு வீட்ல ஊத்தப் போறீங்களா? ஈயம் எவ்ளோ கெட்டியா இருக்கணும்னு முதல்ல பாத்துக்கங்க

என் மேஜை மேல இப்ப ரெண்டு ஈயக்குண்டு இருக்கு. ரெண்டும் ஒரே அச்சுல ஊத்துனது, ரெண்டும் நீலகிரியில எமரால்டு அணைப் பக்கம் போய் வந்தது. ஒண்ணோட காது, அதாவது தூண்டில் நரம்ப கட்டுற வளையம், இழுபட்டு நீண்டு வாயப் பொளந்துட்டு நிக்குது. இன்னொண்ணு கரையில கல்லு மேல விழுந்த ஒரே அடியில காது ஒடிஞ்சு தனியா போயிடுச்சு. முதல் குண்டு பழைய பைப்ல இருந்து எடுத்த ஈயம், கிட்டத்தட்ட சுத்த ஈயம்னு வச்சுக்கங்க. ரெண்டாவது மூடிப்போன ஒரு அச்சகத்துல கெடச்ச அச்செழுத்த எதுவும் கலக்காம அப்படியே உருக்கி ஊத்துனது. அச்சு சரியில்லன்னு நெனச்சு அதையே ரெண்டு மாசம் ராவி ராவி பாத்தேன், தப்பு அச்சுல இல்ல, ஈயத்துல இருந்துச்சுன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. புதுசா ஊத்த ஆரம்பிக்குறவங்க யாரும் அந்த ரெண்டு மாசத்த வீணாக்க வேண்டாம்னு தான் இத எழுதுறேன்.

முதல்ல, எங்க போட போறீங்கன்னு யோசிங்க. ஈயத்தோட கெட்டித்தன்மைய முடிவு பண்றது உங்க இஷ்டம் இல்ல, தண்ணிக்கு அடியில இருக்குற தரை தான். கொடைக்கானல் ஏரி மாதிரி சேறும் பாசியும் இருக்குற இடத்துல கெண்டைக்கு போடுறீங்கன்னா குண்டு எதுலயும் மோதப் போறதில்ல, மெதுவா போய் படுத்துக்கும், அதுக்கு மெத்து ஈயமே போதும், அதே அளவு அச்சுல அது தான் அதிக எடையும் குடுக்கும். ஆனா அணைப்பக்கம் கல்லு அடுக்குன கரை, பழைய மரக்கட்டை முழுகி கெடக்குற இடம், இங்கெல்லாம் மெத்து ஈயம் கல்லிடுக்குல போய் நசுங்கி ஆப்பு மாதிரி இறுகிக்கும், இழுத்தா வராது, நரம்பு தான் அறும். கொஞ்சம் கெட்டி ஈயம்னா கல்லுல கீறல் விழும், ஆனா வழுக்கிட்டு வெளிய வந்துரும். ரொம்ப கெட்டி ஆயிட்டா நொறுங்கும், என் ரெண்டாவது குண்டு மாதிரி. நடுவுல ஒரு இடம் இருக்கு, அத புடிக்குறது தான் வேலையே.

ட்ரவுட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். நீலகிரி ஓடைகள்ல ட்ரவுட்ட நிலைக்க வச்சது எச்.சி. வில்சன், 1900களோட தொடக்கத்துல, அவலாஞ்சி குஞ்சு பொரிப்பகமும் அந்தக் கதையில வர்றது தான். அந்த மீன ஈ மாதிரி கட்டுன லேசான தூண்டில்ல (ஃப்ளை ஃபிஷிங்) புடிக்குறது தான் அழகு, அதுக்கு முப்பது கிராம் குண்ட கட்டுறவங்கள பாத்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். மீன்வளத்துறை லைசென்ஸ் இல்லாம போகாதீங்க, காட்டிலாகா எல்லைக்குள்ள அனுமதி இல்லாம காலே வைக்காதீங்க.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடுறேன். நரம்புல வச்சு நசுக்குறோமே, கடுகு மிளகு அளவுல சின்ன ஈய மணி, அத வீட்ல ஊத்தவே ஊத்தாதீங்க. அத தண்ணிப் பறவைங்க கூழாங்கல்லுன்னு நெனச்சு முழுங்கிடும், இரைப்பையில அது அரைபட்டு விஷமாயிரும். அன்னப்பறவைங்க இப்படி செத்ததால தான் இங்கிலாந்துல 1987ல 28.35 கிராமும் அதுக்கு கீழயும் இருக்குற பெரும்பாலான ஈயக்குண்டுகள விக்கவே தடை போட்டாங்க. சின்ன மணி வேணும்னா தகரத்துல, அதாவது டின்னுங்குற வெள்ளீயத்துல, பண்ணது வாங்கிக்கங்க. ஈய மணிய பல்லால கடிச்சு நசுக்குற பழக்கம் நம்ம ஆளுங்க கிட்ட நெறைய இருக்கு, இன்னைக்கோட விட்டுருங்க.

அடுத்தது, கையில என்ன ஈயம் இருக்குன்னு கண்டுபுடிக்கணும். இங்க தான் நெறைய பேர் அவசரப்படுறாங்க.

மலையில ஈயம் கெடைக்குற இடம் ரொம்ப இல்ல. பழைய பங்களா கூரை மடிப்புல ஈயத்தகடு இருக்கும், பழைய கேபிள் மேல உறை இருக்கும், பிளம்பர் கழட்டுன பழைய பைப் இருக்கும், இதெல்லாம் மெத்து. டயர் கடையில வீல் பேலன்ஸ் பண்றப்ப கழட்டிப் போடுற சின்ன வெயிட் அடுத்தது. கிளிப் வச்சு மாட்டுறதுல ஈயத்தோட ஏறக்குறைய 3 சதவீதம் ஆன்டிமனி, அதாவது ஈயத்த கெட்டியாக்குற சரக்கு, இருக்கும், அது தான் நமக்கு தங்கம். ஒட்டுற வகை ஈயமா இருந்தா பெரும்பாலும் மெத்து. ஆனா இப்ப வர்றதுல துத்தநாகமும் இரும்பும் பாதிக்கு மேல கலந்து கெடக்கு. நான் வழக்கமா போற டயர் கடை அண்ணன் கிட்ட டப்பாவ நீட்டுனப்ப, "எல்லாம் ஈயம் தான் தம்பி, எடுத்துட்டு போ" னு தான் சொன்னாரு. அவரு பொய் சொல்லல, அவருக்கு அது எல்லாமே ஈயம் தான். வீட்ல கொட்டி காந்தம் வச்சு தேச்சா மூணுல ஒரு பங்கு இரும்பு, டப்புனு ஒட்டிக்கிச்சு. மீதிய ஒண்ணொண்ணா கட்டிங் பிளேயர்ல கடிச்சு பாத்தேன். ஈயம்னா பிளேயர் வெண்ணெய்ல எறங்குற மாதிரி பதியும், துத்தநாகம்னா பல்லு வழுக்கும், கை வலிக்கும். சில வெயிட்ல ஆங்கிலத்துல இசட் என் னு பொறிச்சிருக்கும், அது துத்தநாகம், அத தனியா தூக்கிப் போட்டுருங்க.

துத்தநாகத்துக்கு ஏன் இவ்ளோ பயம்னு கேப்பீங்க. ஒரு சட்டி ஈயத்துல கொஞ்சம் துத்தநாகம் கரைஞ்சா கூட மொத்தமும் உப்புமா மாதிரி திட்டுத்திட்டா ஆயிரும், அச்சுல எறங்காது, சுருக்கம் சுருக்கமா வரும். நல்ல வேளையா துத்தநாகம் உருக 419 டிகிரி வேணும், சுத்த ஈயமே 327ல உருகிடும், வீல் வெயிட் அதுக்கும் முன்னாடியே எளகிடும். அதனால தீய அடக்கி வச்சு மெதுவா உருக்குனா தப்பி வந்த துத்தநாகம் உருகாம கிளிப்போட சேந்து மேல மிதக்கும், கரண்டியால வழிச்சு எடுத்துடலாம். தீய ஏத்திட்டு டீ குடிக்க போனீங்கன்னா அந்த சட்டி அவ்ளோ தான்.

அச்சகத்து எழுத்து மூணாவது வகை. பெரிய பத்திரிகை மெஷின்கள்ல லைனோடைப்னு ஓடுச்சே, அதுல 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு தகரம், 240 டிகிரி கிட்டயே உருகிடும். கையால கோக்குற எழுத்துல ஆன்டிமனி இன்னும் அதிகம், அதனால இன்னும் நொறுங்கும். இத தனியா ஊத்துறது வீண், மெத்து ஈயத்தோட கலக்க தான் இது.

பேட்டரி ஈயம் கெடச்சா? தொடாதீங்க. பழைய கார் பேட்டரி தட்டுல ஆசிட் ஊறியிருக்கும், கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக்னு என்னென்னவோ இருக்கும், அதோட கசடு ஈரத்தோட சேந்தா ஆர்சின், ஸ்டிபின்னு ஆளக் கொல்ற வாயு கெளம்பலாம். நம்ம மலைக்காத்துல ஈரத்துக்கு என்ன பஞ்சம். யார் சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

இப்ப கெட்டித்தன்மைய அளக்குற வேலை. பிரினெல்னு ஒரு கெட்டித்தன்மை அளவு இருக்கு, எண் ஏற ஏற கெட்டி. சுத்த ஈயம் அதுல 5 கிட்ட, கிளிப் வீல் வெயிட் 10ல இருந்து 12, லைனோடைப் 22 கிட்ட. அளக்குற மெஷின் வாங்க வேண்டாம், ஸ்டேஷனரி கடையில ட்ராயிங் பென்சில் செட் வாங்குங்க. அமெரிக்கா பக்கம் வேட்டைத் துப்பாக்கிக்கு வீட்லயே குண்டு ஊத்துறவங்க இத நெறைய பண்றாங்க, நம்ம ஊர்ல அதுக்கு சட்டமே வேற, அந்தப் பக்கம் போக வேண்டாம், அவங்க பென்சில் வித்தைய மட்டும் எடுத்துக்குவோம். பென்சிலோட மரத்த மட்டும் சீவி முனைய உருளையா விடுங்க, அப்புறம் உப்புத்தாள்ல நேரா நிறுத்தி தேச்சு தட்டையாக்குங்க. ஈயத்த ஒரு எடத்துல அரம் போட்டு பளபளன்னு சமமாக்கிட்டு, பென்சில 45 டிகிரி சாய்ச்சு முன்னாடி தள்ளுங்க. பென்சில் மெத்துன்னா வழுக்கி கோடு மட்டும் போடும். பென்சில் கெட்டின்னா ஈயத்த சின்னதா செதுக்கி சுருள் எடுக்கும். பி னு போட்டது மெத்து, எச் னு போட்டது கெட்டி, மெத்தான 6பில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கெட்டிப் பக்கம் போங்க, முதல் தடவ எந்தப் பென்சில் செதுக்குதோ அது தான் உங்க அளவு. சுத்த ஈயத்த 6பி, 5பியே செதுக்கிடும், வீல் வெயிட்டுக்கு 2பி, பி வரைக்கும் போகணும், லைனோடைப்புக்கு எச் வேணும். கம்பெனிக்கு கம்பெனி பென்சில் மாறும், அதனால ஒரே செட்ட வச்சு கடைசி வரைக்கும் பாருங்க, உங்களுக்குள்ள ஒப்பிட்டா போதும்.

பென்சில் இல்லன்னா நகத்தால கீறுங்க, சுத்த ஈயத்துல நல்லா பதியும். சிமெண்ட் தரையில போடுங்க, மெத்து ஈயம் மண்ணாங்கட்டி மாதிரி தொப்புனு விழும், ஆன்டிமனி இருந்தா லேசா ஒரு கணீர் வரும். காது பழகிட்டா சாக்குப் பையில கைய விட்டு உருட்டுறப்பவே தெரிஞ்சுரும்.

கலக்குறது எப்படின்னா, கிளிப் வீல் வெயிட் நெறைய இருந்தா கலக்கவே வேண்டாம், கல்லுக்கரைக்கு அதுவே பொருத்தம். மெத்து ஈயமும் லைனோடைப்பும் இருந்தா மூணு பங்குக்கு ஒரு பங்கு போடுங்க, 3 சதவீதம் ஆன்டிமனி, 1 சதவீதம் தகரம் வந்துரும், அதாவது வீல் வெயிட்டுக்கு பக்கத்துல. கையால கோத்த எழுத்துன்னா அஞ்சுக்கு ஒண்ணுல ஆரம்பிச்சு பென்சில் வச்சு பாத்து ஏத்துங்க. ரெண்டும் கெட்டான் தரைக்கு வீல் வெயிட் பாதி, மெத்து ஈயம் பாதி. எடைய சமையல் தராசுல போடாதீங்க, தனி தராசு வச்சுக்கங்க.

தகரத்தப் பத்தி ஒரு வார்த்த. தகரம் கெட்டித்தன்மைக்கு பெருசா உதவாது, ஈயம் அச்சோட மூலை முடுக்கெல்லாம் ஓடுறதுக்கு தான் உதவும். கூர் ஓரம் இருக்குற பிரமிட் அச்சுல முனை மழுங்கி வந்தா ஒரு கிலோ ஈயத்துக்கு 60/40 சால்டர் (60 பங்கு தகரம், 40 பங்கு ஈயம்) 25 கிராம் போடுங்க, ஒன்றரை சதவீதம் தகரம் ஆயிரும். அதுக்கு மேல போட்டா காசு தான் கரையும்.

எடை விஷயத்த மறந்துராதீங்க. ஆன்டிமனியும் தகரமும் ஈயத்த விட லேசு. சுத்த ஈயத்துல 30 கிராம் வர்ற அச்சுல லைனோடைப் ஊத்துனா 27 கிராம் கிட்ட தான் வரும், வீல் வெயிட்ல ஒரு கிராம் கூட கொறையாது. ராடு தாங்குற எடை பாத்து வீசுறவங்களுக்கு இது முக்கியம்.

இனி உருக்குறது. தயவுசெஞ்சு இந்தப் பகுதிய ரெண்டு தடவ படிங்க.

நம்ம மலையில முதல் எதிரி ஈரம். ஒரு வருஷம் ஐப்பசி மழைல, குன்னூர் வீட்டுப் பின்திண்ணையில ஈயக்கட்டிய அடுக்கி வச்சிருந்தேன், மேல தார்ப்பாய் போட்டு நல்லா தான் மூடியிருந்தேன். சட்டியில பாதி ஈயம் உருகி நிக்குது, இன்னொரு கட்டிய எடுத்து கையால தொட்டுப் பாத்தேன், காஞ்சு தான் இருந்துச்சு. போட்ட மறுநொடி 'டப்' னு ஒரு சத்தம், வெள்ளி மாதிரி ஈயம் தலைக்கு மேல எழும்பி செவுத்துல போய் அப்பிடுச்சு. கட்டியோட அடியில ஒரு சின்ன மடிப்பு, அதுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி. தண்ணி ஆவியாகுறப்ப 1,700 மடங்கு விரியும், ஈயத்துக்கு அடியில மாட்டுன அந்த ஒரு சொட்டுக்கு போக வேற வழி இல்ல. கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது, கழுத்துல ரெண்டு தழும்பு இன்னும் இருக்கு. அதுல இருந்து ரெண்டு வழக்கம் வச்சிருக்கேன். எல்லா ஈயத்தையும் சட்டி ஜில்லுனு இருக்குறப்பவே உள்ள போட்டுருவேன். நடுவுல சேக்கணும்னா கட்டிய அடுப்போரத்துல கால் மணி நேரம் சூடாக்கி, கரண்டியில வச்சு மெதுவா எறக்குவேன். கரண்டி, அச்சு, கசடு வழிக்குற கம்பி, எல்லாத்துக்கும் இதே சட்டம் தான். மூடுபனி எறங்குற நாள்ல வேலையே வேண்டாம்.

குளிருதுன்னு கதவு ஜன்னல சாத்திட்டு உள்ள உக்காந்து உருக்காதீங்க. சமையலறை பக்கமே வராதீங்க. தாழ்வாரம், திறந்த ஷெட், காத்து உங்க முதுகுல இருந்து அடுப்பு பக்கம் போற மாதிரி நில்லுங்க. ஈயம் உடம்புக்குள்ள போறது பெரும்பாலும் மேல மிதக்குற கசடோட தூசி வழியா தான், கையில ஒட்டி வாய்க்கு போகும். அதனால பக்கத்துல டீ, பீடி, முறுக்கு எதுவும் கூடாது, முடிச்சதும் முழங்கை வரைக்கும் சோப்பு போடுங்க, அந்தத் துணிய தனியா துவைங்க. கொழந்தைங்களும் மாசமா இருக்குறவங்களும் அந்தப் பக்கம் வரவே கூடாது. அடிக்கடி ஊத்துறவங்க வருஷம் ஒரு தடவ ரத்தத்துல ஈய அளவு பாத்துக்கங்க. ஜெர்கினும் நைலான் ஸ்வெட்டரும் நம்ம ஊர் சீருடை மாதிரி ஆயிடுச்சு, ஆனா ஈயம் பட்டா அது உருகி தோலோட ஒட்டிக்கும். முழுக்கை பருத்திச் சட்ட, தோல் கையுறை, மூடுன ஷூ, கண்ணுக்கு கண்ணாடி.

சட்டி இரும்பா இருக்கணும், அலுமினியம் சட்டி வேண்டவே வேண்டாம், சூட்டுல அடி தளர்ந்து மொத்தமும் அடுப்புல கொட்டும். ஒத்த பர்னர் கேஸ் அடுப்பு போதும், ஆனா ஆடாம நிக்கணும். ஊட்டி உயரத்துல தண்ணி 93 டிகிரி கிட்டயே கொதிக்குதே, ஈயமும் சீக்கிரம் உருகுமான்னு ஒரு தம்பி கேட்டாரு. இல்ல, ஈயத்துக்கு மேட்டுப்பாளையமும் தொட்டபெட்டாவும் ஒண்ணு தான், மேல காத்து அடிக்குறதால கேஸ் தான் கூட செலவாகும்.

உருகுனதும் ஒரு துண்டு மெழுகோ ஒரு கைப்பிடி நல்லா காஞ்ச சில்வர் ஓக் மரத்தூளோ போட்டு கெளறுங்க, புகையும், தீப்புடிக்கும், பயப்பட வேண்டாம், முகத்த மட்டும் தள்ளி வைங்க. அழுக்கு மேல வந்துரும், தகரம் திரும்பி கலந்துக்கும். கருப்பா வர்ற பொடிய வழிச்சு மூடி போட்ட டப்பாவுல போடுங்க. சூடு பாக்க தெர்மாமீட்டர் இல்லன்னா காஞ்ச மரச்சிம்பு ஒண்ண நுழைங்க, மெதுவா பழுப்பாச்சுன்னா சரி, உடனே கருகுச்சுன்னா அதிகம். சுத்த ஈயத்து மேல தங்கம், ஊதான்னு நிறம் ஓடுனாலும் சூடு ஏறிடுச்சுன்னு அர்த்தம்.

அச்சுக்கு என் சிபாரிசு மாக்கல். ஒடஞ்ச கல்சட்டி இருந்தா எடுத்து ரெண்டு துண்டாக்கி சமமா தேச்சு, அதுல குண்டோட பாதி பாதி உருவத்த குடைஞ்சு எடுங்க, பழைய கத்தியாலயே குடையலாம். அடுப்போரத்துல மெதுவா சூடாக்கி உள்ள இருக்குற ஈரத்த முழுசா வெளியேத்துன பிறகு தான் ஊத்தணும். கற்பூரப் புகை காட்டுனா உள்ள மெல்லிசா கரி படிஞ்சு குண்டு ஒட்டாம கழண்டு வரும். காதுக்கு ஈயத்த நம்பாதீங்க, பித்தளைக் கம்பிய வளைச்சு அச்சுக்குள்ள வச்சு ஊத்துங்க, இது ஒண்ண மட்டும் பண்ணிருந்தா என் முதல் குண்டு பொழச்சிருக்கும்.

முதல் அஞ்சாறு குண்டு சுருங்கி தான் வரும், அச்சு சூடாகல, அவ்ளோ தான், திரும்ப சட்டியில போடுங்க. அதுக்கப்புறமும் சுருக்கம் வந்தா தகரம் பத்தல. மேல சர்க்கரை மாதிரி வெளிறி பொரிஞ்சு வந்தா சூடு அதிகம். திட்டுத்திட்டா வந்தா துத்தநாகம் புகுந்துடுச்சு, அந்தச் சட்டிய சாக்கடை அடைக்கக் கூட பயன்படுத்தாம கட்டியாக்கி பழைய இரும்புக் கடைக்கு குடுத்துருங்க.

ஊத்துன அன்னைக்கே பென்சில் வச்சு பாத்துட்டு மெத்தா இருக்கேன்னு இன்னும் ஆன்டிமனி சேக்காதீங்க. ஆன்டிமனி கலந்த ஈயம் ஆறுன பிறகும் நாளாக நாளாக தானே இறுகும், ரெண்டு வாரம் வரைக்கும் கூட ஏறும். சுத்த ஈயம் அப்படி ஏறாது. சூட்டோட தண்ணியில போட்டா வீல் வெயிட் இன்னும் கெட்டியாகும்ங்குறது உண்மை தான், ஆனா உருகுன ஈயத்துக்கு பக்கத்துல ஒரு வாளி தண்ணிய வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், தூண்டில் குண்டுக்கு அவ்ளோ கெட்டி தேவையும் இல்ல.

நான் ஒவ்வொரு தடவையும் ஊத்துனதுல மூணு குண்ட தனிப் பையில போட்டு, தேதி, எந்த ஈயம், எத்தன பங்கு, எந்தப் பென்சில் செதுக்குச்சு, எத்தன கிராம் வந்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதி உள்ள வச்சுருவேன். ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப பென்சில் போட்டு அதே சீட்டுல எழுதுவேன். எமரால்டு கல்லுக்கரைக்கு இப்ப நான் கொண்டு போற பையில வீல் வெயிட் மூணு பங்கு, பைப் ஈயம் ஒரு பங்குனு எழுதியிருக்கு, 3பி வழுக்குது, 2பி செதுக்குது.